பச்சைக்கு மேல் வெள்ளி

யூரியா சாக்கில் சுற்றி, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டி, டிவிஎஸ் எக்ஸெல்லில் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அது ஜிகணியிலிருந்து ஆனேக்கல் வந்து சேர்ந்தது. கொண்டு வந்த பையன் வண்டியை அணைக்காமலே, "மேஸ்திரி, பெட்டி!" என்று கத்தினான். மேஸ்திரி அடியில் இரண்டு கையும் கொடுத்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர் மேல் வைத்தார். சாக்கை அவிழ்த்ததும் வெயிலில் கண் கூசியது. மூலை முடுக்கு விடாமல் வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார்கள்.

எனக்கு அந்த வெள்ளி பிடிக்கவில்லை. பழைய சாமானுக்கு இவ்வளவு பளபளப்பு எதற்கு? போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விளிம்பை நகத்தால் சுரண்டினேன். வெள்ளி சருகாக உதிர்ந்தது. அடியில் பச்சை. கன்டோன்மென்ட் பக்கம் லாரிகளில் மட்டும் பார்க்கிற, மண் கலந்த அந்தப் பச்சை.

"மிலிட்டரி மாலு சார்," என்றார் மேஸ்திரி. "நல்லா உழைச்ச பெட்டி."

பெட்டிக்கு எங்கள் பக்கம் மூன்று பெயர். புத்தகத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ். பட்டறையில் ஃபோர் வீல் பாக்ஸ். பழைய ஆட்கள் சின்ன கியர் பாக்ஸ் என்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில், கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியைப் பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் பங்கு போடுவது இதன் வேலை. பல ஜீப்களில் இது கியர் பாக்ஸின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மாருதி ஜிப்ஸியில் தனிக்குடித்தனம். மூன்று ரப்பர் புஷ்களில் சேஸிஸில் தொங்கும். கியர் பாக்ஸோடு உறவு ஒரு குட்டி ஷாஃப்ட் வழியாக மட்டும். அதனால்தான் கியர் பாக்ஸைத் தொடாமலே இதை மட்டும் கழற்றலாம், மாட்டலாம், சாக்கில் கட்டி எக்ஸெல்லில் அனுப்பலாம். ஒட்டியிருந்தால் இந்தப் பயணமே இல்லை.

என் ஜிப்ஸியின் பெட்டி ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. முதலில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய ஊளை. பிறகு நாற்பதிலேயே. ஜிப்ஸிக்கு இது கூடப் பிறந்த குணம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இந்தப் பெட்டியில் 'ஹை' போட்டாலும் சுழற்சி நேராகப் போவதில்லை. உள்ளே இருக்கும் கவுன்டர் கியரைச் சுற்றித்தான் வெளியே வரும். தார்ச்சாலையில் சும்மா போகும்போதும் பல்லோடு பல் அரைத்துக்கொண்டேதான் இருக்கும். லேசான முனகல் இயல்பு. ஊளை இயல்பில்லை. எங்கே முனகல் முடிந்து ஊளை தொடங்குகிறது என்பதை, தினமும் அதே வண்டியில் போகிறவன் காது பிடிக்காது. ஒரு வருடம் கழித்து என் மைத்துனர் வந்து உட்கார்ந்து, "என்ன மாமா, வண்டிக்குள்ள யாரோ அழறாங்க?" என்ற பிறகுதான் உறைத்தது.

அப்புறம் அந்த ஐப்பசி மழை. ஆனேக்கலிலிருந்து தளி வழியாக ஜவளகிரிப் பக்கம் போனால் காடு சாலைக்கு நெருங்கி வந்துவிடும். பன்னேருகட்டாவிலிருந்து யானைகள் ராகிக் காலத்தில் கீழே இறங்கும் பாதையும் அதுதான். நண்பர் ஒருவரின் நிலத்துக்கு இறங்குகிற செம்மண் சரிவில், லோவில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் இன்ஜின் பிடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம். சின்ன லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது.

சாதாரண காரில் கியர் நழுவினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இந்தப் பெட்டி நியூட்ரலுக்கு வந்துவிட்டால் மெயின் கியரில் எதைப் போட்டும் பயனில்லை. இன்ஜின் ஒரு வீட்டில், சக்கரம் ஒரு வீட்டில். ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். பிரேக்கை மிதித்தேன், நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு சேற்றில் வழுக்கி, வேப்ப மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

மறுநாள் மேஸ்திரி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். டாக்டருக்கு ஸ்டெத்தஸ்கோப், இவருக்கு இது. பிறகு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைப் பாத்திரத்தில் பிடித்தார். முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அந்தப் பெட்டி பிடிக்கும். விரலில் தொட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் நிற மாவு போல இருந்தால் தேய்மானம், பரவாயில்லை. இதில் மினுமினுப்பாகச் செதில்கள்.

"பல்லோட தோல் போச்சு," என்றார்.

தோல் என்று அவர் சொன்னது வெறும் உவமை இல்லை. கியரை வெட்டிய பிறகு, கார்பன் ஏற்றிச் சூடாக்கிக் குளிர்வித்து, மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவார்கள். அந்தக் கடினப் படலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம் மிருதுவான எஃகு, அடி தாங்குவதற்காக. மேல் தோல் பொத்துச் செதில் விட ஆரம்பித்தால் அதற்கப்புறம் தேய்மானத்துக்கு வேகம் பிடிக்கும். வெல்டிங் வைத்துப் பல்லை நிரப்பினால் அந்தச் சூட்டிலேயே இருக்கிற கடினமும் போய்விடும். ஆக, கியரை மாற்ற வேண்டும். அல்லது பெட்டியையே.

புதுப் பெட்டி என்பது இனி லேசில் கிடைக்கிற சமாச்சாரமில்லை. கதை பழையது. சுசூகி 1981-ல் எஸ்ஜே410 என்ற குட்டி ஜீப்பைக் கொண்டுவந்தது. அதை நீட்டி, 2375 மில்லிமீட்டர் வீல்பேஸில், 970 சிசி இன்ஜினோடு மாருதி 1985 டிசம்பரில் ஜிப்ஸி என்று இறக்கியது. 1996-ல் 1298 சிசி இன்ஜினுக்கு மாறி ஜிப்ஸி கிங் ஆனது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை முடிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு வண்டி ஏறக்குறைய அதே எலும்புக்கூட்டோடு தயாராகிக்கொண்டிருந்தது. வாங்கும் நாளில் அது அலுப்பு. பழசான பிறகு வரம். 1998 வண்டியின் பெட்டி 2010 வண்டிக்கு உட்காரும்.

ஆனால் ஜிப்ஸியை வாழவைத்தது என்னைப் போன்ற ஆட்கள் இல்லை. இராணுவம். 1990-களின் தொடக்கத்திலிருந்து வாங்கத் தொடங்கி, முப்பதாயிரத்துக்கும் மேல் வாங்கினார்கள். ஜபல்பூரில் தயாரான நிசான் ஜோங்காவும் மகிந்திரா ஜீப்பும் ஓடிய இடத்தில் இது ஓடியது. எடை குறைவு என்பதால் மலைப்பாதையிலும் மணலிலும் சிக்காது, சிக்கினாலும் நாலு ஜவான்கள் தள்ளி எடுத்துவிடலாம். இராணுவ வண்டியின் எண் பலகையைக் கவனித்திருப்பீர்கள். மேல்நோக்கி ஓர் அம்பு, அதையடுத்து ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். வண்டியின் வயது நெற்றியிலேயே எழுதியிருக்கும். பெட்டிக்கு அந்த வசதி இல்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் இந்தப் பெட்டியிலிருந்துதான் கிளம்புகிறது. எத்தனை கிலோமீட்டர் என்று மீட்டருக்குச் சொல்வதே இதுதான். தனக்கென்று ஒரு கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. வண்டியைவிட்டுக் கழன்ற நிமிடத்தில் ஓடியது அத்தனையும் மீட்டரோடு போய்விடுகிறது.

இராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். இப்போதெல்லாம் பெரும்பாலும் எம்எஸ்டிசி வழியாக, கணினியில். 1964-ல் பழைய இரும்பு ஏற்றுமதியைக் கவனிக்கத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில் என்பதுதான் ஏல நிபந்தனை. சாவி இருக்கிறதா, இன்ஜின் இருக்கிறதா என்பது வாங்குகிறவர் பாடு. மொத்தமாக லாட் போட்டு எடுக்கிறவர்கள், ஓட்டத் தகுந்ததைப் பதிவு செய்து விற்பார்கள், மற்றதைப் பிரிப்பார்கள். பதினைந்து வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்றானதும் போலீஸ், வனத்துறை ஜிப்ஸிகளுக்கும் வாசல் மூடியது.

பிரித்த சாமான் போய்ச் சேர ஊருக்கு ஊர் ஓர் இடம் உண்டு. சென்னைக்குப் புதுப்பேட்டை, கோவைக்கு உக்கடம், டெல்லிக்கு மாயாபுரி, பெங்களூருக்குச் சிவாஜிநகர் குஜரி. என் பெட்டியின் கூடு டெல்லிப் பக்கம் பிரித்து, லாரியில் சிவாஜிநகர் வந்து, அங்கே எடை போட்டு வாங்கியது என்று அதை ரீகண்டிஷன் செய்து விற்ற ஜிகணி பாய் சொன்னார். 'கூடு' என்று அவர் அழுத்திச் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பாயின் பட்டறைக்கு நான் முதலிலேயே போயிருந்தேன். காரணம் ஒரு பழைய சூடு. சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், இதே போல ரீகண்டிஷன் என்று ஒரு டிஃபரென்ஷியல் வாங்கினேன். அதுவும் பளபளவென்றுதான் இருந்தது. இரண்டு மாதத்தில் இரைச்சல். மேஸ்திரி பிரித்துப் பார்த்தபோது, பேரிங் உட்காரும் குழியைச் சுற்றி வரிசையாகப் பஞ்ச் அடித்த புள்ளிகள். தேய்ந்து அகலமான குழியில் பேரிங் சுற்றாமல் இருக்க, சென்டர் பஞ்சால் குத்திக் குத்தி இரும்பைக் கொஞ்சம் பிதுக்கிவிட்டால் அப்போதைக்கு இறுக்கிப் பிடிக்கும். முறையான வேலை என்றால் குழியைக் கடைந்து, உள்ளே ஸ்லீவ் ஏற்றி, மறுபடி அளவுக்குக் கடைய வேண்டும். பஞ்ச் அடிக்கப் பத்து நிமிடம் போதும். எண்ணெயில் மரத்தூளைக் கலந்து இரைச்சலை அடக்கி விற்கிற கலையும் உலகம் முழுக்க உண்டு.

அதனால் இந்த முறை கடையைப் பார்க்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். அங்கே பாய் கழித்துப் போட்ட கியர்கள் ஓர் அண்டா அளவுக்குக் குவிந்து கிடந்தன. பல் முனை மழுங்கியவை, குழி விழுந்தவை, நீலம் பாய்ந்தவை. அலமாரியில் அடுக்கி வைத்திருந்த வெள்ளிப் பெட்டிகள் ஏழெட்டு. அந்தக் குவியல்தான் எனக்குத் தைரியம் தந்தது. எதையும் கழிக்காதவன் விற்கிற ரீகண்டிஷனை நம்பக் கூடாது.

இந்த ரீகண்டிஷன் என்ற சொல்லே நம்மிடம் கொஞ்சம் வழுக்குகிற சொல். ஓவர்ஹால் என்பதை நாம் ஓவராயில் ஆக்கிவிட்டோம். எண்ணெய் மாற்றுவது என்றே நம்புகிறவர்களும் உண்டு. பிரிட்டனில் 2009-ல் பிஎஸ் 8887 தரக்குறிப்பின் இரண்டாம் பகுதியில் இந்தச் சொற்களுக்கெல்லாம் எல்லை கட்டினார்கள். புதுசுக்கு நிகரான திறனும் புதுசுக்கு நிகரான வாரன்டியும் கொடுத்தால் அது மறுஉற்பத்தி. சாகப் போகிற பாகங்களை, இன்னும் புகார் வராவிட்டாலும், மாற்றியோ சரிசெய்தோ நல்லபடி ஓட வைத்தால் அது ரீகண்டிஷன். கேட்டர்பில்லர் போன்ற நிறுவனம் 1973-லிருந்து முதல் வகையைத் தனித் தொழிலாகவே நடத்துகிறது. ஜிகணி பாய் செய்வது இரண்டாவது. வாரன்டி அவர் வாய்ச்சொல்தான்: "மூணு மாசம். அதுக்குள்ள சத்தம் வந்தா நீங்க வராதீங்க, நான் வரேன்."

அன்று அவர் பெஞ்சில் ஒரு பெட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. டீசலில் கழுவிய பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கவுன்டர் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு கட்டைவிரல் நகத்தை அதன் மேல் நீளவாக்கில் இழுத்தார். ஊசி பேரிங் ஓடிய இடத்தில் நகம் லேசாகத் தட்டியது. மைக்ரோமீட்டர் பாஸ் சொன்ன ஷாஃப்ட். நகம் ஃபெயில் சொன்னது. யோசிக்காமல் குவியலில் போட்டார், 'டங்' என்றது.

என் வண்டி லோவிலிருந்து நழுவியதைச் சொன்னேன். ஸ்லீவை எடுத்துக் காட்டினார். கியரோடு கோத்துக்கொள்ளும் அதன் சின்னப் பற்களின் மூலை உருண்டிருந்தது. இழுக்கும்போது பிடித்துக்கொள்ளும், காலை எடுத்துத் திசை மாறும்போது வழுக்கி வெளியே வந்துவிடும். ஃபோர்க்கின் நுனி தேய்ந்திருந்தால் அதற்குத் துணை. லிவரை அதன் இடத்தில் நிறுத்த ஒரு குட்டி எஃகுக் குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் முடிந்தது கதை. "இந்த ஸ்பிரிங் டீக்காசு சார். இதை மாத்தாம பெட்டியை மூடறவங்கதான் அதிகம். வெளிய தெரியாதே."

பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாம் ஜேசி ரோட்டிலிருந்து வந்த புதுசு. கியர்கள்? அங்கேதான் 'கூடு' என்ற சொல்லின் பொருள் புரிந்தது. கூடு இராணுவ வண்டியுடையது. இன்புட் கியரும் கவுன்டர் கியரும் ஒன்றோடொன்று பழகிய ஜோடி. அது விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு தனியார் ஜிப்ஸியில் இருந்து வந்தது. பழகின ஜோடியைப் பிரித்துத் தேய்ந்த கியரோடு புதுசைச் சேர்த்தால் ஊளையிடும் என்பதால் பாய் ஜோடியைப் பிரிப்பதில்லை. ஸ்லீவும் ஃபோர்க்கும் இன்னொரு பெட்டியுடையவை. ஆக நான் நகத்தால் சுரண்டிக் கண்டுபிடித்த இராணுவ வரலாறு கூட்டுக்கு மட்டும்தான் சொந்தம். லடாக்கா, ராஜஸ்தானா என்று நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த படமெல்லாம் ஒரு காலி டப்பாவின் கதை. உள்ளே உழைத்த பற்கள் ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போய் வந்தவையாக இருக்கலாம்.

மூடிய பிறகு ஒரு சோதனை செய்தார். 970 சிசி வண்டியின் பெட்டியும் என் வண்டியின் பெட்டியும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பல் கணக்கு வேறு. இரண்டு ஃபிளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஹையில் வைத்து, உள்ளே வரும் பக்கத்தைக் கையால் சுற்றினார். வெளியே பத்துச் சுற்று முடியும்போது உள்ளே பதினான்கும் ஒரு துளியும். கணக்கு 1.409. லோவில் வெளியே பத்துக்கு உள்ளே இருபத்திரண்டரை தாண்டியது. 2.268. சரியான பெட்டிதான். சுற்றும்போது எங்கும் கை தட்டவில்லை.

மாட்டுகிற வேலை அரை நாள். மேஸ்திரி ஜாயிண்ட்களைக் கழற்றும் முன்பே ஃபிளாஞ்சுக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்துச் சாக்பீஸ் கோடு இழுத்து வைத்திருந்தார். இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெட்டிக்குப் புது அதிர்வு வரும். கிராஸ்களை ஆட்டிப் பார்த்து ஒன்றை மாற்றினார். மூன்று ரப்பர் புஷ்ஷையும் மாற்றியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பழைய புஷ்ஷை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்கியது. எண்ணெயைப் பக்கத் துவாரம் வழியாக, வழிகிற வரை ஊற்றினார். ஸ்பீடோ கேபிளைச் செருகினார். மீட்டரில் 1,37,412 என்று இருந்தது. மறுநாள் ஜவளகிரி போய்த் திரும்பியபோது 1,37,490. வந்தவனுக்கு என் கணக்கையே ஏற்றிக் கொடுத்துவிட்டோம்.

அதே செம்மண் சரிவில் லோவில் இறக்கினேன். வேண்டுமென்றே இரண்டு முறை காலைச் சட்டென்று எடுத்தேன். லிவர் மேல் ஒரு கை இருந்தது, பயம்தான். அசையவில்லை. திரும்பும் வழியில் தளி தாண்டி ஐம்பதில் போகும்போது ஒரு மெல்லிய குரல் கேட்டது. பழைய பெட்டியின் சுருதி இல்லை, அதைவிடக் கொஞ்சம் மேலே. மேஸ்திரியிடம் சொன்னேன். அருகில் உட்கார்ந்து அத்திப்பள்ளி வரை வந்து, கண்ணை மூடிக் கேட்டார். "இது இருக்கும் சார். ஐநூறு கிலோமீட்டர் கழிச்சு எண்ணெயை மாத்தி விரல்ல பார்ப்போம்."

ஐநூறில் வந்தது சாம்பல் மாவு. செதில் இல்லை.

பழைய பெட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சின் ஒரு பகுதி. அதற்காகக் கொஞ்சம் பணத்தைப் பிடித்து வைத்திருந்தார் பாய். இந்தத் தொழில் ஓடுவதே இப்படித்தான்; புதுக் கூடு தயாராகாதபோது, ஒவ்வொரு விற்பனையும் ஒரு கூட்டைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் அடுத்தவருக்குப் பெட்டி. இரண்டு வாரம் என் பெட்டி பட்டறை மூலையில், அடியில் அட்டை விரித்து, மிச்ச எண்ணெயைச் சொட்டிக்கொண்டு கிடந்தது. இந்த முறை பாயே எக்ஸெல்லில் வந்தார். பெட்டி வந்த அதே யூரியா சாக்கைக் கொண்டு வந்திருந்தார்.

குந்தி உட்கார்ந்து, ஃபிளாஞ்சை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னும் பின்னும் ஆட்டினார். "கவுன்டர் கியர் போச்சு. கூடு நல்லாருக்கு," என்றார், எனக்கா பெட்டிக்கா என்று தெரியாத மாதிரி. பிடித்து வைத்த பணத்தை எண்ணிக் கொடுத்தார். சாக்கில் இறக்கும் முன் விளிம்பில் எதையோ கண்டு நகத்தால் சுரண்டினார். நான் வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது அடியில் தெறித்த நீலம்.

"இது வண்டி கலரா சார்?"

"ஆமா பாய்."

"பரவால்ல. வெள்ளி அடிச்சா தெரியாது."